இரண்டு கட்டைக் குரலும் கிறிஸ்துமஸ் கச்சேரியும்

என் குரல் இரண்டு கட்டை. கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது போதும்; மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பெண்கள் சாதாரணமாக ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். இரண்டு கட்டை என்பது மீசை வைத்தவர்களின் சுருதி. காஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தால் "சொல்லுங்க சார்" என்பார்கள். "சார் இல்லை, மேடம்" என்று திருத்தினால் "சரிங்க சார்" என்பார்கள். இதற்கெல்லாம் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கு பி.பி. வந்ததுதான் மிச்சம்.

சின்ன வயதில் என்னையும் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். ஸ்ரீரங்கத்தில் பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது தடுப்பூசி மாதிரி, தப்பிக்க முடியாது. மற்றக் குழந்தைகள் எல்லாம் மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போது நான் மட்டும் கீழேயே நின்றுகொண்டு வேறு எதையோ பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன். பாட்டு வாத்தியார் ஒரு நாள் என் அப்பாவைக் கூப்பிட்டு, "குழந்தை கணக்கு நன்னாப் போடறதாமே?" என்றார். அத்தோடு பாட்டு முடிந்தது. இன்று நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றால் அதற்கு அந்த வாத்தியார்தான் காரணம்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அம்மா முந்திக்கொண்டு, "பாவம், ஜலதோஷம்" என்றாள். என் கணவரின் அக்கா அன்றைக்கு முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி மறுவாரம் நான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியதைக் கேட்டுவிட்டு, "அந்த ஜலதோஷம் இன்னுமா விடலை?" என்றார். இருபது வருஷத்துக்கும் மேலாகியும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

நாத்தனார் ஸ்ரீரங்கத்திலேயே எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்கு ஐந்தரைக் கட்டைக் குரல், நெய் விட்ட மாதிரி இருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் குரலை வைத்து ஒரு பஜனை கோஷ்டி நடத்துகிறார். பஜனைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் முன்னால் ஒரு வரியைப் பாட, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதே வரியை அதே சுருதியில் திருப்பிப் பாட வேண்டும். சும்மா இருந்தால் முன்னால் பாடுகிறவரை அவமானப்படுத்தியதாக அர்த்தம், புண்ணியமும் போய்விடும். இந்தச் சட்டத்திலிருந்து உலகத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டவள் நான் ஒருத்திதான். "நீ ஜால்ரா போடு, போறும்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். மார்கழி தோறும் வாயை மூடிக்கொண்டு ஜால்ரா போட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். மேலப்புதூர்க்காரர். அங்கே சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் ஒரு பாடற்குழு நடத்துகிறார். ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் மைக் செத்துப்போய் மைதானமே சந்தைக்கடையானது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, "சத்தம்!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். ஆயிரம் பிள்ளைகளும் கப்சிப். பாட்டு டீச்சர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இந்தக் குரலை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார்.

கேலி என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். கேலியில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கச்சேரி ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் பாதியில் பழைய பாணி ஜாஸ். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயரான ஆங்கிலோ இந்தியர்கள் சிலர், வாலிபத்தில் கிறிஸ்துமஸ் நடனங்களுக்கு வாசித்தவர்கள், மறுபடி கூடி வாசிக்கப் போகிறார்கள். இரண்டாம் பாதியில் அவர்களோடு பாடற்குழு சேர்ந்து காஸ்பெல் பாடும். காஸ்பெல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடுகிற பாட்டு. ஒருத்தர் கூப்பிட, குழு பதில் சொல்லும். அதில் கூப்பிடுவதற்குக் கனமான ஒரு பெண் குரல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"கனம்" என்ற சொல்லை என் குரலுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சரி என்றேன்.

ஒத்திகைக்குப் போனால் பெண்கள் வரிசையில் எனக்கு இடமில்லை. என் சுருதிக்கு ஆண்கள் வரிசைதான். ஒரு பக்கம் மின்வாரியத்து மீசை, இன்னொரு பக்கம் ஹார்டுவேர் கடை மீசை, நடுவில் நான். இரண்டு பேரும் மரியாதையாக ஒரு முழம் தள்ளி நின்றார்கள். எனக்குக் கொடுத்த எட்டு வரிப் பாட்டை, ட்ரம்பெட் வாசிக்கும் பெரியவர் அவரே தமிழில் எழுதியிருந்தார். ஆற்றங்கரையில் நின்று ஒருத்தி கேட்கிறாள்: "ஆறு பெருகிப் போகுது, அப்பா, நீ எங்கே?" குழு பதில் சொல்கிறது: "அக்கரையிலே, அக்கரையிலே." அவள் திரும்பக் கேட்கிறாள்: "ஓடம் ஒண்ணும் காணலை, அப்பா, நீ எங்கே?" இப்படியே போய், கடைசி வரியில், "கால் நனைஞ்சு நிக்கிறேன், கையைக் கொடு" என்று படிப்படியாகக் கீழே இறங்குகிறது. தினம் காவிரிப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற எனக்கு அந்தப் பாட்டு முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது.

"கடைசி வரியில எவ்வளவு கீழ போனாலும் போங்க மேடம். அங்கதான் பாட்டே இருக்கு" என்றார் பெரியவர்.

நான் போகவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டேன். கீழே போனால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் குளியலறையில் ஒரு நாள் அந்த வரியை முழுசாகப் பாடிப் பார்த்தேன். வெளியே என் கணவர், "யாரு உள்ள? பிளம்பர் வந்திருக்காரா?" என்று கேட்டார். மேடையில் பாடும்போது யாராவது சிரித்துவிட்டால் அங்கேயே செத்துப்போவேன் என்று தோன்றியது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த எட்டு வரியை, என் குரலில், என் குரலாகவே, ஒரே ஒரு தடவை யாரும் சிரிக்காமல் நாலு பேர் கேட்க வேண்டும்.

பிளம்பர் விவகாரத்தால் கணவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஜாஸா? கிளப்ல கண்ணாடி டம்ளரோட ஆடுவாளே, அதுவா?" என்றார்.

"அது இல்லை. சர்ச் ஹால்ல, குடும்பத்தோட உக்காந்து கேக்கறது. நீங்க வேணும்னா வாங்கோ. ஆனா உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் காந்தி மார்க்கெட்டில் நின்று கூவுவதும் ஒன்றுதான். தெரிந்தும் நம்பினேன்.

கச்சேரி மாலை. ஹால் வாசலில் பெரிய காகித நட்சத்திரம், உள்ளே வைக்கோல் போட்ட குடில், பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முன்வரிசை காலியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது என் கணவரின் மங்கி குல்லா. திருச்சியில் மார்கழிக் குளிர் என்று ஒன்று இருப்பதாக நம்புகிற கடைசி மனிதர் அவர். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையும் தூக்கு டிபன் கேரியருமாக என் நாத்தனார். அவருக்குப் பின்னால், ஒருத்தர் விடாமல், பஜனை கோஷ்டி.

கணவர் ஓரமாக வந்து கிசுகிசுத்தார்: "சும்மா ஒரு வார்த்தைதான் சொன்னேன். வேன் எடுத்துண்டு வந்துட்டா."

பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் திரும்பினேன். பேசியிருந்தால் அந்தக் கச்சேரியே நடந்திருக்காது.

அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சர்ச்சைச் சேர்ந்தவர்கள் விருந்தாளிகள் என்று உபசரித்து அங்கேதான் உட்கார வைத்தார்கள். கச்சேரி ஆரம்பமானது. ட்ரம்பெட், டிராம்போன், கிளாரினெட், கிட்டார் ஜாதியில் ஒரு பாஞ்சோ, டிரம்ஸ். சிவப்பு வில் டையும் சஸ்பெண்டருமாக எழுபதைத் தாண்டியவர்கள், வாசிக்க ஆரம்பித்ததும் இருபது வயதைக் கழற்றி எறிந்தார்கள். என் கணவர் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். விரல் எண்ணி, திருப்பிப் போட்டு, சாங்கோபாங்கமாக. டிரம்ஸ்காரர் அதைக் கவனித்து இரண்டு மூன்று தடவை புருவத்தைச் சுருக்கினார்.

பிறகு டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கிற கட்டம் வந்தது. அந்த மனிதர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார். முன்வரிசையில் முக்கால்வாசிப் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தனி ஆவர்த்தனம் வந்தால் காபி குடிக்கப் போவது எங்கள் சபா வழக்கம், நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள். டிரம்ஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற இடத்தில் பிடிக்காமல் விட்டுவிட்டார்.

அடுத்து ட்ரம்பெட் பெரியவர் மைக்கில் ஒரு விளக்கம் கொடுத்தார். அமெரிக்காவில் ஜாஸ் பிறந்த ஊரில் சவ ஊர்வலத்துக்கும் பேண்டு வாசிப்பார்களாம். போகும்போது சோகமாக, புதைத்துவிட்டுத் திரும்பும்போது குதூகலமாக. "இப்ப ரெண்டையும் வாசிக்கிறோம்" என்றார். "நம்மூர்ல போறச்சேயே ஆடறாளே" என்று என் கணவர் பக்கத்து நாற்காலிக்குச் சொன்னது மேடை வரை கேட்டது. எனக்கு நாத்தனாரின் முகம்தான் கண்ணில் பட்டது. அது வெளிறிப் போயிருந்தது.

இடைவேளையில் என்னைத் தேடிப் பிடித்தார். "ஏண்டி, சாவு மேளத்தைக் காதாரக் கேட்டாச்சு. மார்கழி மாசம். ஆத்துக்குப் போய்த் தலை முழுகணுமா, வேண்டாமா?"

"யாரும் சாகலையேக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவுல யாரோ செத்ததுக்குத்தானே முதல்ல வாசிச்சிருப்பா?"

இந்தக் கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நல்லவேளை, பாட்டு டீச்சர் கேக் தட்டோடு வந்தார். முட்டை போட்டதா போடாததா என்ற விசாரணை நடந்தது. போடாதது தனியாக இருந்தது. அதற்குப் பதில் மரியாதையாக டிபன் கேரியரிலிருந்து புளியோதரை வெளியே வந்தது. டிரம்ஸ்காரருக்கு இரண்டு கரண்டி வைத்ததும் அவருடைய கோபம் தணிந்தது.

இரண்டாம் பாதி. இரண்டு மீசைகளுக்கு நடுவே நான் போய் நின்றேன். கோஷ்டியில் ஒரு சலசலப்பு. நாத்தனார் என்னையும் மீசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு டீச்சர் மைக்கைப் பிடித்தார். "இது வேடிக்கை பார்க்கிற பாட்டு இல்லைங்க. எல்லாரும் கலந்துக்கிற பாட்டு. தயங்காம கை தட்டுங்க, கூடப் பாடுங்க!" என்றார். நடுநடுவே ஒரு அல்லேலூயா, ஒரு ஆமென் என்று அவர் நினைத்துச் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து பையிலிருந்து ஜால்ராவை எடுத்தார்.

பாஞ்சோ ஆரம்பித்தது. நான் முதல் வரியைப் பாடினேன். "ஆறு பெருகிப் போகுது, அப்பா, நீ எங்கே?"

குழு, "அக்கரையிலே" என்று பதிலை எடுத்தது. அதே நொடியில் முன்வரிசை மொத்தமும் ஜால்ராவோடு, "ஆறு பெருகிப் போகுது, அப்பா, நீ எங்கே?" என்று கணீரென்று திருப்பிப் பாடியது. கேள்வியும் பதிலும் ஒன்றின் மேல் ஒன்று மோதின. பின்வரிசைகளில் இருந்தவர்கள் இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு டீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. மின்வாரியம் என்னைப் பார்த்தது. ஹார்டுவேர் மேலே மின்விசிறியைப் பார்த்தது.

இரண்டாவது வரி. "ஓடம் ஒண்ணும் காணலை." அதற்கும் அதேதான். அவர்கள் கேலி செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மரியாதை செய்தார்கள், வாழ்நாளில் முதல் தடவையாக. முன்னால் பாடுகிறவளுக்குப் பின்பாட்டு, அதுதான் சட்டம். ஆனால் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்து, கடைசியில் கிடைத்த எட்டு வரி. அதையும் ஆளுக்கு ஒரு கை என்று பிரித்து எடுத்துக்கொண்டார்களே! என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாத்தனாரின் குரல்தான் எல்லார் தலைக்கும் மேலே மிதந்துகொண்டிருந்தது.

அழுகை வந்தால் எனக்கு அதன் பின்னாலேயே கோபம் வரும். வந்தது.

ட்ரம்பெட் பெரியவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். குழுவைப் பார்த்து, பாடாதீர்கள் என்று கையைக் காட்டினார். என்னிடம் மெல்லச் சொன்னார்: "இறங்குங்க மேடம். அவங்க எது வரைக்கும் கூட வராங்கன்னு பாப்போம்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அடுத்த வரியை ஒரு படி கீழே எடுத்தேன். கோஷ்டியும் ஒரு படி இறங்கியது. அதற்கடுத்த வரி இன்னும் கீழே. முன்னால் பாடுகிறவர் எங்கே போனாலும் போக வேண்டும், வேறு வழியில்லை. இறங்கினார்கள். ஆனால் இப்போது சத்தத்தில் பாதிதான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். ஜால்ரா நின்றது. நாத்தனார் விடவில்லை. முகவாயை மார்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பின்னாலேயே வந்தார். அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கடைசி வரி. "கால் நனைஞ்சு நிக்கிறேன்." ஒத்திகைகளில் நான் நின்றுவிடும் இடம் வந்தது. நிற்கவில்லை. "கையைக் கொடு" என்று அதற்கும் கீழே போனேன், குளியலறையில் பிளம்பர் இருந்த இடத்துக்கும் கீழே. மேடைப் பலகை வழியாக அது என் காலிலேயே அதிர்ந்தது. பாடி முடித்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தேன்.

நாத்தனார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருமல் மாதிரி ஒன்று வந்தது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

திருப்பிப் பாட ஆளில்லாமல் அந்த ஸ்வரம் ஹாலில் தனியாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அது என் குரல்தான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அப்புறம் டிரம்ஸ்காரர் குச்சியால் ஒரு தட்டுத் தட்ட, குழு, "அக்கரையிலே" என்று வெடித்தது. ஹால் எழுந்து நின்று தட்டியது. என் கணவர் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

திரும்பும்போது நானும் அவர்களோடு வேனில் ஏறிக்கொண்டேன். எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. காவிரிப் பாலத்தில் ஏறியதும் நாத்தனார் என் பக்கம் திரும்பினார். குரல் கரகரவென்று இருந்தது.

"ஏண்டி, பின்னால நாங்க இத்தனை பேர் பாடிண்டிருக்கோம்னு தெரியறதோல்லியோ? ஒத்தராலயும் எட்ட முடியாத எடத்துல போய் நின்னுண்டா எப்படி? எங்களை நினைச்சு இத்தனூண்டு மேல பாடியிருக்கக் கூடாதா?"

எட்டவில்லை, எட்டவில்லை என்று மற்றவர்கள் என்னைச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். தங்களுக்கு எட்டவில்லை என்று ஒருத்தர் என்மேல் புகார் சொன்னது அன்றுதான். அதுவும் இவர்.

"எனக்கு மேல பாட வராதுக்கா" என்றேன். அதையே சொல்லி எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். அன்று வெட்கம் வரவில்லை.